யீல்டு ஷீட்: பத்திரச் சந்தையின் திசை பார்க்க எக்செல்லில் ஒரு முயற்சி

அமெரிக்க அரசுப் பத்திரத்தின் யீல்டுக்கு, அதாவது இன்றைய விலையில் அதை வாங்கினால் கிடைக்கும் ஆண்டு வருமான வீதத்துக்கு, 200 நாள் நகரும் சராசரி போட்டேன். தினமும் கடைசி 200 நாளின் சராசரி என்பதால் கோடு நிதானமாகத் திரும்ப வேண்டும். நான் போட்ட கோட்டில் அங்கங்கே படி வெட்டியிருந்தது. ஒரு நாள் பொசுக்கென்று 0.02 இறங்கும், அப்புறம் சில வாரம் சீராகப் போகும், மறுபடி ஒரு படி. யீல்டில் அன்றைக்குப் பெரிய அசைவு எதுவும் இருக்காது. யீல்டு ஆடாத நாளில் சராசரி மட்டும் ஏன் சறுக்குகிறது என்று இரண்டு மாலை மண்டையைக் குடைந்தேன்.

ஆரம்பித்தது சாதாரண ஆசையில்தான். பத்திரச் சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று செய்திகளைப் படித்து முடிவு செய்வதில் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. வட்டி ஏறும் என்று ஒருவர் பத்துக் காரணம் சொல்வார், இறங்கும் என்று அடுத்தவர் பத்துக் காரணம் சொல்வார், இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படும். சரி, கருத்தை விட்டுவிடுவோம், விலை என்ன சொல்கிறது என்று மட்டும் பார்ப்போம் என்று அமெரிக்கப் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் யீல்டை எடுத்துக்கொண்டேன். செயின்ட் லூயிஸ் பெடரல் ரிசர்வ் வங்கியின் ஃபிரெட் தளத்தில் டிஜிஎஸ்10 என்ற பெயரில் 1962 ஜனவரி 2 முதல் நாள்வாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. அன்றைக்கு 4.06 சதவீதம். அதிலிருந்து இன்று வரை ஒரே நெடுவரிசை. பங்குச் சந்தைக்காரர்கள் பயன்படுத்தும் நகரும் சராசரி (மூவிங் ஆவரேஜ்), டிரெண்ட்லைன் எல்லாவற்றையும் இதன் மேல் போட்டால் போயிற்று என்று நினைத்தேன்.

படிக்கட்டுக்குக் காரணம் விடுமுறை நாட்கள். அந்தக் கோப்பில் திங்கள் முதல் வெள்ளி வரை எல்லாத் தேதிக்கும் வரிசை உண்டு, சந்தை விடுமுறை என்றால் மதிப்பு இருக்காது. எக்செல்லுக்குள் கொண்டுவரும்போது "எண் இல்லாததையெல்லாம் எண்ணாக்கு" என்று நானே ஒரு பார்முலா எழுதியிருந்தேன். அது காலி இடத்தில் எல்லாம் பூஜ்யத்தை வைத்துவிட்டது. ஆண்டுக்குப் பதினொரு விடுமுறை வாக்கில் வரும், ஆக 200 வரிசைக்குள் எட்டு பூஜ்யம். யீல்டு 4.00-ல் அசையாமல் நின்றாலும் சராசரி 3.84 என்று காட்டும். ஒவ்வொரு பூஜ்யம் உள்ளே வரும்போதும் 4-ஐ 200-ஆல் வகுத்த அளவு, அதாவது 0.02, இறங்கும். அதுதான் படி.

0.16 வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் என் விதியே "யீல்டு சராசரிக்கு மேலே இருந்தால் பத்திரத்துக்கு இறங்குமுகம், கீழே இருந்தால் ஏறுமுகம்" என்பதுதான். சராசரியைக் கீழே இழுத்துவிட்டால் எல்லா நாளும் யீல்டு மேலே இருப்பது போலத் தெரியும். யீல்டு அதிகமாக இருந்த காலத்தில் பிழையும் பெரிது. 15 சதவீதத்தில் எட்டு பூஜ்யம் 0.60-ஐத் தின்றுவிடும். காலி வரிசைகளை மொத்தமாக நீக்கினேன். கோடு வழுவழுவென்று ஆனது. இந்தத் திருத்தம் பின்னால் ஒரு இடத்தில் என்னையே திருப்பிக் கடிக்கும், அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

பங்கு சார்ட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. யீல்டு ஏறினால் பத்திர விலை இறங்கும். "பாண்டு ஏறுது" என்று ஒருவர் சொன்னால் விலையைச் சொல்கிறார், செய்தியில் "யீல்டு எகிறியது" என்றால் விலை விழுந்திருக்கிறது. முதல் வாரத்தில் நானே இரண்டு தடவை சிக்னலைத் தலைகீழாகப் படித்தேன். அப்புறம் சார்ட்டின் செங்குத்து அச்சைக் கவிழ்த்துவிட்டேன். சிறிய எண் மேலே, பெரிய எண் கீழே. கண்ணுக்கு விலை சார்ட் மாதிரியே தெரியும்.

சராசரி சரியானதும் டிரெண்ட்லைன் போட உட்கார்ந்தேன். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பத்தாண்டு யீல்டின் நீண்ட கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1981 செப்டம்பர் 30 அன்று 15.84. அங்கிருந்து கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு இறக்கம், 2020 ஆகஸ்ட் 4 அன்று 0.52. இந்த இறக்கத்தின் உச்சிகளைத் தொட்டு ஒரு கோடு போட்டால், அது உடையும் நாளில் பத்திரச் சந்தையின் பெரிய திசை மாறிவிட்டது என்று கொள்ளலாம். பாடம் அப்படித்தான் சொல்கிறது. முதலில் 1981 உச்சியையும், 1994 நவம்பர் 7-ன் 8.05-ஐயும் இணைத்தேன். கோட்டை வலப்பக்கம் நீட்டிப் பார்த்தால் 2008 நடுவில் பூஜ்யத்தில் போய் முட்டுகிறது. ஆண்டுக்கு 0.60 வீதம் இறங்கும் கோடு வேறு எங்கே போகும்? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த இரண்டு உச்சிகளை எடுத்தேன்: அதே 8.05, அப்புறம் 2000 ஜனவரி 20-ன் 6.79.

இதைச் சாதாரண அளவுகோலில் நீட்டினால் 2007 ஜூனில் கோடு 5.00-ல் நிற்கிறது. 2007 ஜூன் 12 அன்று யீல்டு 5.26. கோடு உடைந்துவிட்டது, கால் சதவீதத்துக்கு மேல் தெளிவான உடைப்பு. பத்திரங்களை விற்றுவிட வேண்டும்.

அதே இரண்டு புள்ளி, அதே தேதி, அச்சை மட்டும் மடக்கை அளவுகோலுக்கு (லாக் ஸ்கேல், இதில் சம சதவீத மாற்றங்கள் சம உயரமாகத் தெரியும்) மாற்றினேன். இப்போது கோடு அன்றைக்கு 5.33-ல் இருக்கிறது. 5.26 அதைத் தொட முயன்று கீழேயே நின்றுவிட்டது. உடைப்பு இல்லை. டிரெண்டு பத்திரமாக இருக்கிறது, பத்திரங்களை வாங்க நல்ல இடம்.

ஒரே சார்ட், ஒரு சொடுக்கு, நேர் எதிரான இரண்டு பதில். நடந்தது என்ன என்று நமக்குத் தெரியும். அந்தக் கோடையிலேயே கடன் சந்தையில் விரிசல் தொடங்கியது, செப்டம்பரில் அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் வட்டியைக் குறைத்தது, 2008 டிசம்பரில் பத்தாண்டு யீல்டு 2.08. சாதாரண அளவுகோலை நம்பி விற்றவர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பத்திர ஏற்றத்தை வெளியே நின்று வேடிக்கை பார்த்திருப்பார்.

அப்படியானால் மடக்கை அளவுகோல்தான் சரியா? அவசரப்படக் கூடாது என்று அதே கோட்டை இன்னும் நீட்டினேன். அது கடைசியில் உடைவது 2022 ஜூனில். யீல்டு 3.4-ஐத் தாண்டியபோது கோடு 3.26 பக்கம் இருந்தது. அதற்குள் யீல்டு 0.52-லிருந்து ஆறு மடங்கு ஏறியாகிவிட்டது. வீடு எரிந்து முடிந்த பிறகு அலாரம் அடித்த மாதிரி. இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெர்மனியின் பத்தாண்டு யீல்டு 2019-லிருந்து 2022 தொடக்கம் வரை பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. எதிர்ம எண்ணுக்கு மடக்கை கிடையாது, ஷீட் முழுக்கப் பிழைச் செய்தி வந்து நின்றது.

சாதாரண அளவுகோல் பொய், மடக்கை அளவுகோலும் முழு உண்மை இல்லை என்றால் சரியான அளவுகோல் எது? இந்தக் கேள்விதான் என்னைக் கோடு போடுவதிலிருந்து வெளியே தள்ளியது. யீல்டு என்பது ஒரு வீதம், யாரும் வீதத்தைக் கையில் வைத்திருப்பதில்லை. கையில் இருப்பது பத்திரம். பத்திரம் எவ்வளவு ஏறியது, எவ்வளவு வட்டி கொடுத்தது என்பதை வைத்து ஒரு குறியீட்டெண் கட்டினால் அளவுகோல் சண்டையே வராது.

டிஜிஎஸ்10-ல் ஒரு வசதி இருக்கிறது. அது குறிப்பிட்ட ஒரு பத்திரத்தின் யீல்டு கிடையாது. சந்தையில் இருக்கும் பத்திரங்களை வைத்து, இன்றைக்கு ஒரு பத்தாண்டுப் பத்திரம் சரியாக 100-க்கு விற்க வேண்டுமானால் கூப்பன் (பத்திரம் தரும் ஆண்டு வட்டி வீதம்) என்ன இருக்க வேண்டும் என்று கணக்கிட்ட எண். ஆகவே தினமும் மாலையில் ஒரு புதுப் பத்திரம் வாங்குவதாக வைத்துக்கொண்டேன்: கூப்பன் அன்றைய யீல்டு, விலை 100. மறுநாள் மாலையில் அதே பத்திரத்தைப் புது யீல்டில் விலை போட்டு விற்கிறேன், ஒரு நாள் வட்டியைச் சேர்த்துக்கொள்கிறேன், மறுபடி புதுப் பத்திரம் வாங்குகிறேன். ஐந்து நெடுவரிசையில் முடிந்துவிட்டது.

ஒரு வரிசையைக் கையால் சரிபார்த்தேன். நேற்று 4.00, இன்று 4.10. இருபது அரையாண்டுக் கூப்பனையும் அசலையும் 4.10 வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் விலை 99.19. இழப்பு 0.81. ஒரு நாள் வட்டி 0.011. அதாவது, யீல்டு ஒரே நாளில் 0.10 ஏறினால் போகும் பணத்தை வட்டியால் திரும்ப எடுக்க 74 நாள் ஆகும். இந்த ஒரு எண் எனக்குப் பத்திரச் சந்தையைப் பற்றி அதுவரை படித்ததை எல்லாம் விட அதிகமாகச் சொல்லிக்கொடுத்தது.

அடுத்து டியூரேஷனை ஒரு தனி நெடுவரிசையாகப் போட்டேன். யீல்டு ஒரு சதவீதப் புள்ளி மாறினால் விலை எத்தனை சதவீதம் மாறும் என்பதுதான் அது. கூப்பனும் யீல்டும் சமமாக இருக்கும் பத்திரத்துக்கு பார்முலா சுலபம்: 1-லிருந்து, கடைசி நாளில் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பைக் கழித்து, யீல்டால் வகுத்தால் போதும். 1981-ன் 15.84 சதவீதத்தில் அது 4.94. 2020-ன் 0.52-ல் 9.73. அடேயப்பா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டும் பத்தாண்டுப் பத்திரம்தான். ஆனால் யீல்டில் அதே 0.10 அசைவுக்கு ஒன்றில் அரை சதவீதம் போகும், மற்றதில் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் போகும். யீல்டு சார்ட்டில் இரண்டும் ஒரே உயரத்தில் தெரிகின்றன. மடக்கை அளவுகோலிலோ 0.52-லிருந்து 0.62-க்குப் போவது மலை மாதிரியும், 15.84-லிருந்து 15.94-க்குப் போவது தூசி மாதிரியும் தெரிகின்றன. பணத்தின் கணக்கில் உண்மை இரண்டுக்கும் நடுவில் இருந்திருக்கிறது.

குறியீட்டெண் தயார். அதன் மேல் 200 நாள் சராசரி போட்டேன். அழகான ஏறுமுகம். 1981-க்குப் பிறகு பெரும்பாலான நாள் குறியீடு சராசரிக்கு மேலேயே இருந்தது. எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்றிரவு நல்ல தூக்கம்.

மறுநாள் காலையில் சந்தேகம் வந்தது. சும்மா ஒரு சோதனைக்கு யீல்டை 15.84-லேயே உறைய வைத்து ஓட்டிப் பார்த்தேன். சந்தை அசையவே இல்லை, டிரெண்டே கிடையாது. ஆனாலும் வட்டி தினமும் சேர்வதால் குறியீடு ஏறிக்கொண்டே போகிறது. 200 நாள் சராசரி என்பது சுமார் 100 நாளைக்கு முந்தைய நிலையைக் காட்டுவது, அந்த 100 நாளில் வட்டி மட்டுமே 6 சதவீதத்துக்கு மேல் சேர்ந்துவிடும். விற்கச் சொல்லி சிக்னல் வர வேண்டுமானால் யீல்டு தன் சராசரிக்கு மேலே சுமார் 1.3 புள்ளி ஏறியாக வேண்டும். 0.52 சதவீதக் காலத்தில் அதே சிக்னலுக்கு 0.02 ஏறினாலே போதும். ஒரே விதி, ஒரு காலத்தில் செவிடு, இன்னொரு காலத்தில் தும்மினால் துள்ளி எழும். நான் கண்டுபிடித்த ஏறுமுகத்தில் பாதி வெறும் வட்டி.

இதற்குத் தீர்வு பழைய டிரேடர்கள் எப்போதோ பிடித்ததுதான். பணத்தைச் சும்மா மூன்று மாத அரசு பில்லில் (அரசின் குறுகியகாலக் கடன் பத்திரம்) போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியைக் கழித்துவிட வேண்டும். பத்தாண்டுப் பத்திரம் பில்லைவிட எவ்வளவு அதிகம் கொடுத்தது என்பதே மீதி. அந்த மீதியைக் கூட்டிக்கொண்டே போனால் வரும் வரிசையில்தான் டிரெண்டு பார்க்க வேண்டும். பியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) வைத்து வேலை செய்பவர்களுக்கு இது தானாகவே கிடைக்கிறது, ஏனென்றால் பியூச்சர்ஸ் விலையிலேயே கடன் வாங்கும் செலவு கழிந்திருக்கும். அவர்களுக்கு வேறு தலைவலி: காலாண்டுக்கு ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் விலை துள்ளும், பழைய விலைகளை அதற்குத் தக்கபடி நகர்த்திச் சரிசெய்யாவிட்டால் அந்தத் துள்ளல் டிரெண்டாகத் தெரியும். நீண்டகாலப் பத்திர ஈடிஎஃப் (பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் நிதி) சார்ட்டை நேரடியாக எடுப்பவர்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. டிஎல்டி போன்றவை மாதாமாதம் வட்டியைப் பிரித்துக் கொடுத்துவிடும், அதனால் வெறும் விலை சார்ட் தன் உண்மையான வருமானத்தைவிடச் சோர்வாகவே தெரியும்.

பில் வட்டியைக் கழித்த பிறகு 2022 இறுதிக்குப் பின் ஒரு வேடிக்கை தெரிந்தது. பில்லின் வட்டி பத்தாண்டு யீல்டைவிட அதிகமாக இருந்தது. 2023 அக்டோபர் 19 அன்று பத்தாண்டு 4.98-ல் இருந்தபோது மூன்று மாத பில் ஐந்தரைக்கு மேல். அப்போது யீல்டு அசையாமல் நின்றாலே பத்திரக்காரர் தினமும் கொஞ்சம் தோற்றார். யீல்டு சார்ட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணிலேயே படாது.

இப்போது விதியைச் சோதிக்க ஒரு கடினமான காலத்தை எடுத்தேன்: 2013. அப்போதைய பெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கி மே 22 அன்று, பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று நாடாளுமன்றக் குழு முன் சொன்னதும் உலகமே ஆடிய ஆண்டு. என் விதி அதை முன்கூட்டிக் காட்டியதா?

இங்கே கணக்கு எளிதாக இருக்க யீல்டையே வைத்துச் சொல்கிறேன். பொய்ச் சிக்னலைக் குறைக்க சராசரியின் இரு பக்கமும் 0.10 இடைவெளி விட்டிருந்தேன், அதைத் தாண்டினால்தான் மாற வேண்டும். மே முதல் வாரத்தில் சராசரி 1.77 பக்கம். யீல்டு ஏப்ரல் முழுக்க இறங்கி இறங்கி மே 2 அன்று 1.66. இடைவெளியைத் தாண்டிவிட்டது, "பத்திரம் ஏறுமுகம், வாங்கு" என்றது ஷீட். அந்த ஆண்டின் அடிமட்ட யீல்டு அதுதான். மறுநாளே 1.78. மே 10 அன்று 1.90, இந்தப் பக்க இடைவெளியையும் தாண்டி "விற்றுவிடு" என்றது. ஒன்பதை ஒட்டிய டியூரேஷனில் 0.24 ஏற்றம் என்றால் ஒரு வாரத்தில் இரண்டு சதவீதத்துக்கு மேல் அடி. இடைவெளி விட்டது பாதுகாப்புக்கு, அந்தப் பாதுகாப்புதான் என்னைச் சரியாக மிக மோசமான நாளில் உள்ளே தள்ளியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். விற்ற நிலையிலேயே ஷீட் நின்றது. மே 22-ல் 2.03, செப்டம்பர் 5-ல் 2.98. 1.90-லிருந்து கணக்குப் போட்டால் சுமார் பத்து சதவீத வீழ்ச்சிக்கு வெளியே. பெர்னான்கி வாய் திறப்பதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே வெளியே. ஷீட்டுக்கு ஜோசியம் தெரியாது, யீல்டு ஏறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். 2022 இன்னும் தெளிவு. ஆண்டு முழுக்க ஒரு நாள்கூட யீல்டு தன் 200 நாள் சராசரிக்குக் கீழே போகவில்லை. 1.63-ல் தொடங்கி 3.88-ல் முடிந்த ஆண்டு. டிஎல்டி 30 சதவீதத்துக்கு மேல் இழந்தது. அந்த ஆண்டு நெடுக "இதோ உச்சி, இனி இறங்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் நிறையப் பேர், அவர்களில் நானும் ஒருவன். ஷீட் அப்போது என்னிடம் இல்லை.

வெல்லஸ் வைல்டர் 1978-ல் கொண்டுவந்த ஆர்எஸ்ஐ-யையும் (ஏற்ற இறக்கத்தின் வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் எண்) ஒரு நெடுவரிசையில் சேர்த்துப் பார்த்தேன். 70-ஐத் தாண்டினால் "அளவுக்கு மீறி ஏறிவிட்டது" என்பார்கள். 2022-ல் யீல்டு பல தடவை 70-ஐத் தாண்டியது, தாண்டிவிட்டு ஏறிக்கொண்டே போனது. நெடுவரிசையை அழித்துவிட்டேன்.

நிலையான 0.10 இடைவெளியும் போக வேண்டியதாயிற்று. 1980-களின் தொடக்கத்தில் ஒரே நாளில் 0.20 அசைந்த நாட்கள் ஏராளம், அங்கே 0.10 என்பது இடைவெளியே இல்லை. இப்போது கடந்த 60 நாளின் தினசரி ஏற்ற இறக்கத்தின் திட்ட விலகலை (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) எடுத்து, அதன் மடங்கில் இடைவெளி வைக்கிறேன். எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள். ஒன்று முதல் மூன்று வரை மாற்றிப் பார்த்தேன். எந்த எண்ணை வைத்தாலும் 2022 தப்பிக்கிறது, எந்த எண்ணை வைத்தாலும் ஏதோ ஒரு ஆண்டு உதைக்கிறது. இரண்டு என்று விட்டுவிட்டேன். பழைய தரவுக்குப் பொருந்தும்படி 1.85 என்றெல்லாம் செதுக்க ஆரம்பித்தால் சட்டை தைக்கப் போய் உடம்பை வெட்டிய கதைதான்.

பெரிய ஓட்டை ஒன்று இதற்கெல்லாம் அடியில் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது தற்செயல். ஷீட்டின் மொத்த லாபக் கோடு சந்தேகப்படும்படி நேராக இருந்தது. 2013 மே 3 வரிசையைக் கிளிக் செய்து பார்த்தேன். இடைவெளி இல்லாத விதியில் எல்லைக்கோடு 1.77 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று 1.66, ஆகவே கையில் பத்திரம். இன்று 1.78, கோட்டைத் தாண்டியது, விற்கும் சிக்னல். ஷீட் என்ன செய்திருந்தது தெரியுமா? இன்றைய மாலை யீல்டை வைத்து முடிவெடுத்து, இன்றைய நஷ்டத்திலிருந்தே தப்பித்துக்கொண்டது. 0.12 ஏற்றம், ஒரு சதவீதத்துக்கு மேல் அடி, அது நமக்கு இல்லை என்று காட்டிவிட்டது. எந்த அடி விழுந்ததால் சிக்னல் வந்ததோ அந்த அடியே நமக்கு விழவில்லையாம்! சிக்னல் நெடுவரிசையை ஒரு வரிசை கீழே தள்ளி, இன்றைய முடிவு நாளைய வருமானத்துக்கு என்று மாற்றினேன். அந்த யீல்டு மாலையில்தான் தெரிகிறது என்பதால் இன்னொரு வரிசையும் தள்ளினேன். நேராக இருந்த கோடு மனிதக் கோடாக ஆனது, நடுநடுவே ஓராண்டு, இரண்டாண்டு பள்ளம்.

அந்தப் பள்ளங்கள் எங்கே விழுகின்றன என்று பார்ப்பது லாபத்தைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளதாக இருந்தது. மத்திய வங்கி வட்டியை ஒரே திசையில் தொடர்ந்து நகர்த்தினால் பத்திரத்திலும் டிரெண்டு வரும் என்பது என் ஊகமாக இருந்தது. 2022 மார்ச் முதல் 2023 ஜூலை வரை பதினொரு முறை உயர்த்தியபோது அப்படித்தான் நடந்தது. ஆனால் 2004 ஜூன் முதல் 2006 ஜூன் வரை தொடர்ந்து பதினேழு முறை உயர்த்தினார்கள், 1.00-லிருந்து 5.25-க்கு. பத்தாண்டு யீல்டு? 2004 ஜூன் கடைசியில் 4.62, ஓராண்டு கழித்து 3.94. இறங்கியிருக்கிறது. வட்டி ஏறுகிறது, ஆகவே பத்திரத்தை விற்போம் என்று செய்தியைப் பார்த்து முடிவெடுத்தவருக்கு அந்த ஓராண்டு முழுக்கத் தவறு. சார்ட்டைப் பார்த்தவர் இங்கே பரவாயில்லை.

சார்ட்டால் ஒன்றுமே செய்ய முடியாத இடமும் உண்டு. 2023 மார்ச் 8 அன்று ஈராண்டு யீல்டு 5.05. டிரெண்டு கச்சிதமாக மேல்நோக்கி. மூன்றாவது வேலைநாளில், மார்ச் 13 அன்று, 4.03. நடுவில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டிருந்தது. 200 நாள் சராசரியோ 50 நாள் சராசரியோ, எதை வைத்திருந்தாலும் எந்தக் கோடும் திரும்ப நேரமே கிடைத்திருக்காது. பத்திரம் விலை குறையும் என்று பத்திரத்தைக் கடன் வாங்கி விற்று நின்றவர்களுக்கு அந்த மூன்று நாள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. அதற்குப் பிறகுதான் ஷீட்டில் அளவு நெடுவரிசையைச் சேர்த்தேன்: திசை என்ன சொன்னாலும், யீல்டு ஒரு முழுப் புள்ளி எதிராகப் போனால் எவ்வளவு இழப்பேன் என்ற தொகை. டியூரேஷனைப் பெருக்கினால் வந்துவிடும். இப்போது ஷீட்டைத் திறந்ததும் என் கண் முதலில் போவது அங்கேதான்.

கடைசியாக 30 ஆண்டுப் பத்திரத்தையும் சேர்க்கலாம் என்று அதே கோப்பு முறையில் இறக்கினேன். எல்லாப் பார்முலாவும் தயாராக இருக்கிறது, ஒட்டினால் வேலை முடிந்தது. லாபக் கோடு 2006 பிப்ரவரியில் ஒரே நாளில் செங்குத்தாக எழும்பி நின்றது, பத்து சதவீதத்துக்கும் மேல். எந்த நல்ல செய்தி என்று தேடாமல் நேராக வரிசையைப் பார்த்தேன். அமெரிக்க அரசு 2001 அக்டோபரில் 30 ஆண்டுப் பத்திரம் வெளியிடுவதை நிறுத்தி, 2006-ல் மறுபடி தொடங்கியது. நடுவில் 2002 பிப்ரவரியிலிருந்து நான்கு ஆண்டுக்கு இந்தத் தொடரே காலி. காலி வரிசைகளை நீக்கு என்ற என் பழைய விடுமுறைத் திருத்தம் அந்த நான்கு ஆண்டையும் ஒரு நீண்ட விடுமுறையாக நினைத்துத் தூக்கிவிட்டு, ஐந்துக்கு மேலிருந்த யீல்டையும் நான்கரைப் பக்கம் வந்த யீல்டையும் அடுத்தடுத்த நாளாக ஒட்டிவிட்டது.

இப்போது ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி வந்தால் கணக்கை அங்கேயே நிறுத்து என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். 30 ஆண்டுச் சார்ட்டில் சராசரிக் கோடு 2002-ல் அறுந்து, 2006 பிப்ரவரிக்குப் பின் 200 நாள் கழித்துத்தான் மறுபடி தொடங்குகிறது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது, அப்படியே விட்டிருக்கிறேன்.